பெறுநர்: மேன்மை தங்கிய மன்னர் அவர்கள்

“மலேசியாவுல யாருக்கா பெரியவரு?”

கேட்டவள் அஞ்சலை. புதுச்சேரியை அடுத்த பாகூரில் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் என் தட்டச்சுக் கடையின் வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள். காலை பதினோரு மணி இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் அவள் புருஷன் ஏழுமலையின் பாஸ்போர்ட் நகல். கரையாம்புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். நெற்றியில் வேர்வை வழிந்து குங்குமம் மூக்கு வரை இறங்கியிருந்தது.

நான் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே பின்சுவரைக் காட்டினேன். அங்கே ஆசியா தொங்கியது.

“உள்ள வந்து குந்து. மொதல்ல இன்னா விஷயம்னு சொல்லு. பெரியவர நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அந்த ‘நான் பாத்துக்கறேன்’ இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

இந்தத் தொடரில் நான் இதுவரை அடுத்தவர் செய்த கோளாறுகளையே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். “நீங்கள் தப்பே செய்ததில்லையா அம்மா?” என்று கடைசி வரியில் ஒரு குத்து. நியாயமான குத்துதான். இந்த வாரம் என் முறை.

ஏழுமலை செய்தது

முதலில் அஞ்சலை சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை பினாங்கில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஒருநாள் டிரைவர் வராததால் இவனே லாரியை எடுத்திருக்கிறான். அந்த வண்டி ஓட்ட அவனிடம் லைசென்ஸ் கிடையாது. திருப்பத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மீது இடித்து, அவர் இறந்துபோனார். ஏழுமலை ஓடவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கோர்ட்டில் ஒப்புக்கொண்டான். சில வருஷம் சிறை.

“செத்தவருக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குமேக்கா” என்று அஞ்சலை சொன்னாள். “அவரு செஞ்சது தப்புதான். இல்லன்னு நான் சொல்ல வரல. ஆனா அவருக்கு சக்கர. காலுல புண்ணு வந்து ஆற மாட்டேங்குதாம். அங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி நல்லாத்தான் பாக்கறாங்களாம். இருந்தாலும் வூட்டுல இருந்து பாக்கற மாதிரி வருமா? காலோட வந்து சேரணும்க்கா. அவ்ளோதான்.”

அந்த நாட்டில் கைதிகளின் கருணை மனுவை மேலிடத்தார் வருஷத்துக்கு ஒருமுறை கூடிப் பார்ப்பார்களாம். அப்படிக் கூடும் நேரம் நெருங்குகிறது என்று ஏழுமலை போனில் சொல்லியிருந்தான். அதற்குள் மனு போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்ததற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் அவள் அழாமல்தான் சொன்னாள். திருவாண்டார்கோயில் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தரை துடைக்கும் வேலை அவளுக்கு. அரைநாள் லீவு போட்டிருந்தாள். ரெண்டு மணிக்கு கம்பெனி வேன், அதைப் பிடிக்க வேண்டும். அழுவதற்கு நேரம் ஒதுக்கி வரவில்லை.

சுவரில் ஆசியா

என் சுவர் வரைபடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். துணி ஒட்டிய காகிதம், மேலும் கீழும் கட்டை. பளபளப்பு பூசாததாகத் தேடி வாங்கினேன், பென்சில் பிடிக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு நாட்டின் மீதும், அந்த நாட்டில் மனுவை யாருக்குப் போட வேண்டும் என்று பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். குவைத்தில் அமீர். ஓமனில் சுல்தான். மாலத்தீவில் அதிபர். சிங்கப்பூரில் அதிபரும் உண்டு, பிரதமரும் உண்டு, வேலை நடப்பது பிரதமரிடம். புருணையில் சுல்தானே பிரதமர், ஒரு கவர் மிச்சம். அமீரகத்தில் ஏழு ஆட்சியாளர்கள், ஆள் எந்த நகரத்தில் மாட்டியிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும்.

எங்கள் கொம்யூன்களிலிருந்து, அதாவது புதுச்சேரியின் ஊராட்சி வட்டாரங்களிலிருந்து, ஆள் போகாத நாடில்லை. மணப்பட்டுக்காரர்கள் வளைகுடாவுக்கு மீன் பிடிக்கப் போவார்கள். வில்லியனூர்க்காரர்கள் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். போனவர்களில் சம்பளம் வராதவன், பாஸ்போர்ட் தொலைத்தவன், எல்லை தாண்டிப் பிடிபட்டவன் என்று மாதத்துக்கு இரண்டு மனுவாவது என் கையால் போகும். பள்ளிக்கூடத்தில் நான் குடியரசுக்கும் முடியாட்சிக்கும் வித்தியாசம் படித்ததில்லை. பெறுநர் முகவரி எழுதி எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

பக்கத்தில் ரப்பரும் இருக்கும். நாடுகள் சும்மா இருப்பதில்லையே. பஹ்ரைனில் அமீர் என்று எழுதியிருந்ததை ஒருநாள் அழித்துவிட்டு மன்னர் என்று எழுத வேண்டியதாயிற்று. ஆள் அதே ஆள், பட்டம்தான் ஏறிவிட்டது. நேபாளத்தில் மன்னரை அழித்தேன். அங்கே அதற்கப்புறம் எத்தனை பிரதமர்! அந்த இடத்தில் காகிதமே தேய்ந்து துணி தெரிகிறது.

திருவாண்டார்கோயில் கம்பெனி ஒன்றில் காவலுக்கு இருந்த நேபாளத்துக்காரர் ஒருமுறை ஊருக்குக் கடிதம் அடிக்க வந்தார். சுவரைப் பார்த்தார். மன்னரை அழித்த தடத்தைத் தடவிப் பார்த்தார். “ராஜா போனது சரிதான் அக்கா. ஆனா எங்க அம்மா வூட்டுல போட்டோ மட்டும் எடுக்கல. செவுத்துல ஓட்டை தெரியுமாம்” என்றார். அவர் நம்மூர்த் தமிழை நன்றாகவே பிடித்திருந்தார்.

பூட்டான் விஷயத்தில் எனக்கும் கலியபெருமாள் அண்ணனுக்கும் பெரிய சண்டையே நடந்தது. கலியபெருமாள் அண்ணன் என் கடையின் முன்பகுதியில் மேசை போட்டு முத்திரைத்தாள் விற்பவர். காலை பத்து மணிக்குள் பேப்பரை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, மிச்ச நேரம் என்னோடு வாதம் செய்வார். பூட்டானில் மன்னரே கூப்பிட்டு, ‘நீங்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியை நடத்துங்கள்’ என்று சொல்லிவிட்டார் என்றேன். மனிதர் நம்பவே இல்லை.

“யாராவது ஒக்காந்த நாற்காலிய தானா வுடுவானா? நம்ம தண்ணித் தொட்டி சங்கத்து செயலாளரே எட்டு வருஷமா எழுந்திரிக்க மாட்டேங்கறான். ராஜா வுட்டுட்டானாம்! யாருக்கும்மா காது குத்தற?”

“பேப்பர்லதான்ணா போட்டிருந்தான்.”

“பேப்பருல நமக்கு தனி மாநிலம்னு வருஷா வருஷம் போடறான். வந்துடுச்சா?”



நகல்: முதலமைச்சர், நகல்: துணைநிலை ஆளுநர்

புதுச்சேரிக்காரர்களுக்கு மனுப் போடுவதில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

நாங்கள் ஒருவரிடம் மட்டும் மனுக் கொடுக்க மாட்டோம். முதலமைச்சருக்கு ஒன்று, துணைநிலை ஆளுநருக்கு ஒன்று. ஓட்டுப் போட்டு வந்தவர் ஒருவர், டெல்லியிலிருந்து வந்தவர் ஒருவர். எந்தக் காலத்தில் யார் கை ஓங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு பேர் வாசலிலும் ஒரு கும்பிடு. கீழே கொம்யூன் கமிஷனருக்கு ஒரு நகல், எம்எல்ஏவுக்கு ஒரு நகல். எல்லையோரத் தெரு ஒன்றுக்கு விளக்குக் கேட்டு மனு அடித்தபோது, கம்பம் எங்கள் பக்கம் நின்று வெளிச்சம் அடுத்த பக்கம் விழும் என்பதால், தமிழ்நாட்டுக் கலெக்டருக்கும் ஒரு நகல் போட்டேன்.

வில்லியனூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புருஷன் பிரெஞ்சுக் குடிமகன், பெண்டாட்டி இந்தியக் குடிமகள். அவர் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுவார், அந்த அம்மா எங்கள் எம்எல்ஏ தேர்தலுக்கு ஓட்டுப் போடுவார். “அவரு போட்ட ஆளு ஜெயிச்சா வூட்டுல பாயசம். நான் போட்ட ஆளு ஜெயிச்சா கொழாயில தண்ணி” என்பார் அந்த அம்மா. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு நாட்டுக்கு ஒரே பெரியவர்தான் என்று நான் எப்படி நினைத்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

இல்லை, விளங்குகிறது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

மணப்பட்டைச் சேர்ந்த ஒருவர் வளைகுடாவில் எல்லை தாண்டி மீன் பிடித்துப் பிடிபட்டார். நான் ஊர்ப் பழக்கப்படி அந்த நாட்டில் கண்ணுக்குத் தெரிந்த ஏழு பேருக்கு நகல் போட்டு அனுப்பினேன். மாதக்கணக்கில் ஒரு பதிலும் வரவில்லை. விசாரித்தால், ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பிறகு ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு மனு. உடனே வேலை நடந்தது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: வெளிநாட்டுக்கு என்றால் ஒரு மனு, ஒரு வாசல்.

ஒரு தடவை பலித்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தொழிலில் கொஞ்சம் பேர் வாங்கிவிட்டால் இந்தத் தலைக்கனம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்திருந்தது.

ராஜா மாறுவதற்குள்

மறுபடி அஞ்சலைக்கு வருகிறேன்.

மலேசியா எனக்குப் பிடித்த நாடு. போனதில்லை, பெறுநர் முகவரிக்காகப் பிடிக்கும். அங்கே ஒன்பது மாநிலங்களில் ஒன்பது பரம்பரை ஆட்சியாளர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அவர்களில் ஒருவர் நாட்டுக்கே மன்னர் ஆவார். பிறகு அடுத்தவர். முறை வைத்து ஆளுகிறார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவது மாதிரி என்று கலியபெருமாள் அண்ணனிடம் சொல்வேன். “நம்ம ஊருல மொறைய யாரு மதிச்சான்?” என்பார் அவர்.

அஞ்சலை வந்த சமயம், இருந்த மன்னரின் ஐந்து வருஷம் முடியப் போகிற நேரம். எனக்குப் பரபரப்பு தொற்றிக்கொண்டது. இவர் போய்ப் புதியவர் வந்தால் பெயர் மாறும், அலுவலகத்தில் ஆள் மாறும், கோப்புக் கட்டுக்குள் கிடக்கும் மனு கட்டுக்குள்ளேயே கிடக்கும். நம் ஊரில் பார்த்திருக்கிறோமே.

“சீக்கிரம் கையெழுத்துப் போடுடி. ராஜா மாறிடுவாரு” என்று அவளை அவசரப்படுத்தினேன்.

மன்னரின் பெயரை, பட்டங்களை, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். அவ்வளவு நீளமான பெறுநர் முகவரியை என் வாழ்நாளில் நான் அடித்ததில்லை. மூன்று வரி போயிற்று. அடித்து முடித்ததும், தங்கத்தில் பொறித்த மாதிரி இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அஞ்சலை நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, அந்த பினாங்குல கவர்னருன்னு ஒருத்தரு இருக்காராமே. அவருக்கு ஒண்ணு போடலாமா? அவருக்குத்தான்...”

நான் முடிக்க விடவில்லை.

“ராஜாவே இருக்கும்போது கவர்னர் எதுக்குடி? இன்னா, பாண்டிச்சேரின்னு நெனச்சியா, ஆளுக்கொரு காப்பி குடுக்க? இங்க பாரு.” எழுந்து போய், ஸ்கேலால் வரைபடத்தைத் தட்டினேன். மலேசியாவின் மீது பென்சிலில் ‘மன்னர், 5 வருஷம்’ என்று என் எழுத்து. “இது இருபது வருஷ சர்வீஸ். ஒரு மனு, ஒரு வாசல்.”

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். என் கண்ணாடியைப் பார்த்தாள். “சரிக்கா” என்றாள். கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து அஞ்சலை என்று தெளிவாக இருக்கும், ‘லை’யின் கொம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள். மனுவைத் தபாலிலும் அனுப்பினேன், மெயிலிலும் அனுப்பினேன். ரெண்டு மணி வேனுக்கு அவள் ஓடினாள்.

பினாங்கிலிருந்து ஒரு குரல்

மாதங்கள் போயின. அஞ்சலை வாரம் ஒருமுறை போன் செய்து “ராசா இன்னா சொன்னாரு?” என்று கேட்பாள். “பாத்துக்கினு இருக்காருடி” என்பேன், ஏதோ அவர் என்னிடம் தினம் பேசுகிற மாதிரி.

ஒருநாள் மத்தியானம் வாட்ஸ்அப்பில் அழைப்பு. பினாங்குத் தமிழர் ஒருவர், ‘லா’ போட்டுப் பேசும் மலேசியத் தமிழ். சிறையில் இருக்கும் நம் ஆட்களைப் போய்ப் பார்த்து உதவுகிறவர். ஏழுமலைதான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அம்மா, நீங்க மனுவ கேஎல்லுக்கு, அதான் கோலாலம்பூருக்கு, மன்னருக்கு அனுப்பிட்டீங்க. அது இங்க செல்லாது லா. கேஸ் பினாங்குல நடந்தது. சுல்தான் இருக்கற மாநிலம்னா அந்த சுல்தான் மன்னிப்பு குடுப்பாரு. பினாங்குல சுல்தான் இல்ல, கவர்னரு. அவருக்குத்தான் போடணும். கேஎல் மாதிரி கூட்டரசுப் பகுதியில நடந்த கேஸ்னாதான் மன்னரு நேரா பாப்பாரு.”

“கூட்டரசுப் பகுதின்னா?”

“மத்திய அரசாங்கம் நேரா ஆளற எடம்மா. மாநிலம் இல்ல.”

எங்கள் புதுச்சேரி மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு கவர்னருக்கு, மேலே கேட்காமல், தானாகவே ஒருவனை மன்னித்து வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து எல்லாக் கோப்பும் டெல்லிக்குப் போவதைப் பார்த்தவள் நான். மாநிலத்துக்கென்று ஒரு வாசல் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. மலேசியா முழுவதையும் புதுச்சேரி என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

“இப்ப அனுப்பிச்சா?” என்று கேட்டேன்.

“இந்தத் தடவ கூடி முடிச்சிட்டாங்கம்மா. இனிமே அடுத்த வருஷம்தான். அனுப்புங்க, காத்திருக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஏழுமலைக்கு கால்ல ரெண்டு விரல் எடுத்துட்டாங்க. கால் தப்பிச்சிடுச்சு” என்றார்.

போனை வைத்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு வரைபடத்திடம் போனேன். சரியான வாசலுக்குப் போயிருந்தால் மன்னிப்புக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. கிடைத்து வந்திருந்தால் விரல்கள் தப்பியிருக்குமா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வருஷம் அவனுக்கிருந்த ஒரே வாய்ப்பை நான் ஸ்கேலால் தட்டி வெளியே அனுப்பினேன் என்பது மட்டும்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, அஞ்சலையிடம் என்ன சொல்வது என்று.

சொன்ன பொய்

அவள் மறுநாளே வந்தாள். விரல் விஷயம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது.

“இன்னாச்சுக்கா மனு?”

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்று நினைத்திருந்தேன், வெளியே வேறொன்று வந்தது.

“ராஜா மாறிட்டாருடி. மாறினதுல அந்தக் கட்டு அப்படியே நின்னு போச்சாம். இனிமே கவர்னருக்குப் போடச் சொல்றாங்க.”

முத்திரைத்தாள் மேசையில் கலியபெருமாள் அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முதல் நாள் அந்தப் போன் வந்தபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அஞ்சலை என்னையே பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், மன்னரைத் திட்ட.

“ராசாவாம் ராசா! தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். தெரிஞ்ச மாதிரி ஒக்காந்துக்கினு அடுத்தவ குடியில மண்ணள்ளிப் போட்டா நல்லா இருப்பானா? மூக்கு மேல கண்ணாடி ஒண்ணு கேடு! ஏழைபாழ சொல்றத ரெண்டு நிமிஷம் காது குடுத்துக் கேட்டா கிரீடமா கொறஞ்சிடும்?”

அந்த மன்னர் கண்ணாடி போடுவாரா என்று எனக்குத் தெரியாது. இவள் போனில் எங்கேயாவது படம் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். “சரி, வுடுடி. பெரிய எடம்” என்று சமாதானம் செய்தேன். கவர்னருக்கு மனுவை அன்றே அடித்தேன். ஒரு வரிக்கு இரண்டு முறை சரிபார்த்தேன்.

அவள் போனதும் கலியபெருமாள் அண்ணன் பேப்பரை மடித்தார். “ராஜா தலையில போட்டுட்டியா? நல்லது. அவரு எந்தக் காலத்துல பாகூருக்கு வந்து கேக்கப் போறாரு” என்றார். அன்று முழுக்க அவர் என்னிடம் வேறு எந்த வாதமும் செய்யவில்லை.

அன்றிலிருந்து அஞ்சலை எப்போது வந்தாலும் மன்னருக்கு அர்ச்சனை உண்டு. ரேஷன் அட்டைக்கு வருவாள், சாதிச் சான்றுக்கு வருவாள், வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை அதுதான். “அந்த ராசா இன்னும் அதே நாற்காலியிலதான் குந்திக்கினு இருக்கானா?” என்பாள். “அந்தாளுக்கு ராத்திரி தூக்கம் வருமாக்கா?” என்பாள். நான் தலையைக் குனிந்து தட்டச்சு செய்வேன். பாவம், எங்கேயோ இருக்கும் ஒரு மனுஷன் என் பழியைச் சுமக்கிறாரே என்று இருக்கும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை, அவருக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை என்று கேள்வி என்றுகூடச் சொல்லி வைத்தேன்.

விரல் நுனியில் பினாங்கு

இரண்டாவது மனுவுக்குப் பதில் வருவதற்கு முன்பே ஏழுமலை வெளியே வந்துவிட்டான். சிறையில் ஒழுங்காக இருந்ததற்காகத் தண்டனையில் ஒரு பங்கு கழிந்துவிட்டதாம். எந்த மன்னரும் எந்தக் கவர்னரும் செய்யாததை அவன் நடத்தையே செய்துவிட்டது.

சமீபத்தில் இருவரும் கடைக்கு வந்தார்கள். மாற்றுத் திறனாளி உதவிக்கு மனு அடிக்க வேண்டும். ஏழுமலையை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒல்லியான ஆள், சிரித்த முகம். ஒரு காலில் மட்டும் மெத்தென்ற செருப்பு. கொஞ்சம் சாய்ந்து நடந்தான்.

நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. நேராக வரைபடத்திடம் போனான். விரலால் தேடித் தேடி பினாங்கைக் கண்டுபிடித்தான். அவன் விரல் நுனி வைத்ததும் தீவு மறைந்துவிட்டது.

“இவ்ளோதானா? உள்ள இருக்கும்போது ரொம்பப் பெருசா இருந்துச்சு” என்றான்.

விரலை எடுத்தான். கண்ணைச் சுருக்கிப் படித்தான். ‘மன்னர், 5 வருஷம்’ என்பதற்குக் கீழே, அந்தப் போன் வந்த அன்று நான் பென்சிலால் எழுதியது இருந்தது: ‘மாநிலத்துக்கு மாநிலம் கேட்கவும். பினாங்கு: கவர்னர்.’

“அட, கரெக்டா எழுதி வச்சிருக்கியேக்கா. கவர்னருதான். நான் கூட அப்பவே போன்ல இவகிட்ட சொன்னேன். உள்ள எங்கூட இருந்த ஒரு அண்ணன் வெவரமா சொன்னாரு. அத அக்காகிட்ட சொல்லுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். இல்ல அஞ்சல?”

அஞ்சலை மஞ்சள் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அன்றைக்கு அவள் கேட்டது ஊர்ப் பழக்கத்தில் கேட்டதில்லை. ஜெயிலிலிருந்து புருஷன் சொல்லி அனுப்பியதைக் கொண்டுவந்திருக்கிறாள். “அவருக்குத்தான்...” என்று ஆரம்பித்தவளை நான்தான் வாயடைத்தேன்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? ஏழுமலையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“தம்பி, தப்பு என்னுது. கட்டும் நிக்கல, ஒண்ணும் நிக்கல. நான்தான் மனுவ தப்பான எடத்துக்குப் போட்டேன். அதனாலதான் உனக்கு ஒரு வருஷம் போச்சு. இவகிட்ட பொய் சொன்னேன். ராஜா மாறிட்டதால நின்னுபோச்சுன்னு அந்த மனுஷன் மேல பழி போட்டேன்.”

ஏழுமலை பெண்டாட்டியைப் பார்த்தான். கலியபெருமாள் அண்ணன் கையிலிருந்த முத்திரைத்தாளை எண்ணுவதை நிறுத்தினார்.

“தெரியும்” என்றாள் அஞ்சலை.

“எப்பத்துலருந்து?”

“நீ கவர்னருக்குப் போடச் சொல்றாங்கன்னு சொன்ன அன்னிக்கே. அவரு சொன்னதும் அதான, நீ சொல்றதும் அதான. அப்பறம் ராசா எங்கருந்துக்கா நடுவுல வந்தாரு?”

“அப்பவே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேடி.”

“எப்படிக் கேக்கறது? அன்னிக்கு நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். நீ மேப்ப காட்டுன, சர்வீஸ் சொன்ன. ஜெயில்ல கெடக்கறவருக்கு இன்னா தெரியும், அக்காவுக்குத்தான் தெரியும்னு நானும் கையெழுத்தப் போட்டுட்டேன். எம் பேர்லயும்தான் தப்பு இருக்குது. மூஞ்சிக்கு நேரா ஒன்ன கேட்டா, அப்பறம் இங்க மனு எழுத வர முடியுமா? பாகூருல வேற யாரு இருக்கா?”

“அதுக்காக இத்தன நாளும் மனசுலயே வச்சிக்கினு இருந்தியா?”

அஞ்சலை இப்போதுதான் நிமிர்ந்தாள்.

“மனசுல எங்க வச்சிக்கினேன்? வரும்போதெல்லாம் ஒன் எதிருலயே குந்திக்கினு, அந்த ராசாவ வாய்க்கு வந்தபடி திட்டுனனே. யாரன்னு நெனச்ச?”